மீனுக்கு ஒரு மறைவு

இருங்காட்டுக்கோட்டையில் நாங்கள் தங்கியிருந்த பெண்கள் விடுதியின் வார்டன், பெரிய பொட்டு வைத்து, இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க நடப்பார். வாசல் அறை மீன்தொட்டியில் போடுவதற்காக ஒரு மரவேரை வாளியில் ஊறவைத்து, சாயம் இறங்க இறங்கத் தினமும் தண்ணீர் மாற்றினார்.

"கூச்சப்படுற மீனும்மா. ஒளிய எடம் இருந்தாதான் பயம் தெளிஞ்சு துண்ணும்," என்றார்.

உடை மாற்றவும், நைட் ஷிஃப்ட் முடிந்து பகலில் தூங்கவும் எங்கள் கட்டில்களைச் சுற்றிக் கட்டியிருந்த துப்பட்டாக்களை எல்லாம் அன்று காலைதான் அவிழ்த்து எடுத்துப் போயிருந்தார்.

"எங்களுக்கும் ஒரு மறைவு வேணும்லா மேடம்?" என்றேன்.

வேரைத் தடவிக்கொண்டே நிமிர்ந்தார். "ஒங்களுக்கு இன்னாம்மா பயம்? அதான் நான் கீறேன்ல?"

கிண்டல் இல்லை. மனதாரத்தான் சொன்னார். அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.