அஞ்சலைக்குக் குகையில் என்ன வேலை

“அக்கா, சண்டை போடத் தெரியாத பொம்பளைக்கு பார்ட்டில எதுக்கு எடம்? அங்க ஒரு வில்லாளியப் போட்டா ஆட்டம் பிச்சிக்கும்” என்று மூன்றாவது முறையாகச் சொன்னான் பிரபாகர். திருமுல்லைவாயிலில் எங்கள் மாடி வீட்டுக்காரன், ஐ.டி. வேலை. நான் வடிவமைக்கும் கணினி விளையாட்டுக்கு ஞாயிறுகளில் நிரல் எழுதித் தருகிறான். பழைய பாணி ஆட்டம். ஆறு பேரைப் ‘பார்ட்டி’ என்ற குழுவாகச் சேர்த்துக் குகைக்குள் கூட்டிப்போக வேண்டும்; மாறி மாறி அவர்கள் ஒரு அடி, பூதம் ஒரு அடி.

யார் யார் எப்படிச் சாகலாம் என்று உட்கார்ந்து யோசித்து, செத்தவர்களிடமே திட்டும் வாங்குவதுதான் இந்தத் தொழில். இதே பாவத்தைச் செய்துகொண்டிருக்கும் சக ஆட்ட வடிவமைப்பாளர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

பிரபாகர் துரத்தப் பார்த்தது சமையல்காரி அஞ்சலையை. கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். அவளையும் சேர்த்து ஏழு பேரில் ஆறு பேரை ஆடுபவரே பொறுக்கட்டும். கடைசிவரை யாரும் அஞ்சலையைக் கூப்பிடாவிட்டால், அவளை ஆட்டத்திலிருந்தே எடுத்துவிடலாம்.

செருப்பு

கான்வென்ட்டில் படித்த புண்ணியத்தில் குள்ளர், மந்திரவாதி, நீளக்காது வனவாசி எல்லோரும் எனக்குப் பழக்கம். ஆனால் யாராக இருந்தாலும் கோயிலுக்குள் செருப்போடு வரக்கூடாது. என் முதல் குகையோ பாழடைந்த கோயில். ஆறு வீரர்களும் வாசலிலேயே கழற்றிவிட்டார்கள். உள்ளே நெருஞ்சிமுள் பரப்பியிருந்ததும் நானே என்பது அப்போது நினைவில் இல்லை.

முதலில் ஆடிப் பார்த்தவர் கீழ்வீட்டு தேவராஜ் அண்ணன். அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். பூதத்தின் முகத்தைப் பார்க்கும் முன்பே ஐந்து பேர் காலி. நொண்டிக்கொண்டு வெளியே வந்த ஆறாவது ஆளுக்கு வாசலில் செருப்பைக் காணோம். கோயில் வாசலென்றால் அப்படித்தானே என்று அதையும் நான் எழுதி வைத்திருந்தேன். அண்ணன் திரும்பிப் பார்த்தார். “இன்னாம்மா இது, போட்டுகினு போனா சாமி குத்தம்ன்ற, உட்டுட்டுப் போனா காலு பூடுது. பறந்துகினா போவ சொல்ற?”

அண்ணாந்து

காயம் ஆற்றும் மருந்து ஒரே குப்பியில் இருக்கும். ஆறு பேருக்கும் அதுதான். வாய் வைத்து எச்சில் பண்ண நான் விடுவேனா? அண்ணாந்துதான் குடிக்க வேண்டும் என்று விதி போட்டேன். பிரபாகர் அதை அட்சரசுத்தமாக எழுதிவிட்டான்: தலைக்கவசத்தைக் கழற்ற வீரனின் ஒரு அடி வீண், அண்ணாந்து ஊற்ற இன்னொரு அடி வீண். பூதம் சும்மா நிற்குமா? மருந்து இறங்கிக்கொண்டிருந்த தொண்டையைப் பார்த்து ஓங்கிக் குத்தியது. பேங்க்கிலிருந்து அப்போதுதான் வந்து, டை கூடக் கழற்றாமல் ஆடிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் சொன்னார்: “வாள் பட்டு செத்தவனப் பாத்திருக்கேன். பொறை ஏறி செத்த வீரன இங்கதான் பாக்கறேன்.”

அரிசி மூட்டை

அண்ணன், என் வீட்டுக்காரர் இரண்டு பேருமே அஞ்சலையை ஊரில் விட்டுவிட்டுப் போனார்கள். பிரபாகர் மேல்மாடியிலிருந்து இறங்கி வந்து, ஜெயித்தவன் முகத்தோடு என் சோபாவில் உட்கார்ந்தான்.

தேவராஜ் அண்ணனின் அடுத்த ஆட்டத்தில், குகையின் மூன்றாம் தளத்தில் பசியால் மந்திரவாதிக்கு மந்திரம் மறந்தது. குள்ளனால் கோடரியைத் தூக்க முடியவில்லை. மூட்டை நிறைய அரிசி இருந்தது. பொங்கத்தான் ஆளில்லை. அண்ணன் அரிசியை மவுஸால் சொடுக்கிச் சொடுக்கிப் பார்த்துவிட்டு, அத்தனை படியும் ஏறி அஞ்சலையைக் கூப்பிட ஊருக்கே திரும்பினார். அவள் வீடு பூட்டியிருந்தது. பூதத்தின் கோட்டையில் அவளுக்குச் சமையல் வேலை கிடைத்துவிட்டது; சம்பளத்தோடு வாராந்தர விடுமுறையும் உண்டு.

“அக்கா, இது பழிவாங்கல்” என்றான் பிரபாகர்.

“இல்லை, வேலைவாய்ப்பு” என்றேன்.

தேவராஜ் அண்ணன் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துக்கொண்டார். “பூதத்த அப்பால பாத்துக்கலாம். மொதல்ல அந்தம்மாவ இட்டாரணும்.”

அப்படியாக அஞ்சலை ஆட்டத்தில் தங்கினாள். ஒருத்தி சமைத்துப் போடுகிறாள் என்பதை ஆண்களுக்குப் புரியவைக்க ஒரு குகையும் மூன்று தளமும் ஒரு பூதமும் தேவைப்படுகின்றன என்பதே என் தொழில் அனுபவத்தின் சாரம்.

அவளை மீட்டு வர மூன்று பேரும் திரைக்கு முன்னால் தலையை முட்டிக்கொண்டு வழி தேடிக்கொண்டிருந்தார்கள். நான் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை சொன்னேன். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் சொன்னேன்:

“பால் பொங்கப் போகுது, யாராவது ஒருத்தர் எழுந்து அடுப்பை அணைங்க.”