பிடிக்காதது அஞ்சு

திருத்துறைப்பூண்டியில ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போறேன். லைக், என்ஜாய், ஹேட், இதுக்கெல்லாம் பின்னாடி ஐஎன்ஜி வெச்சுப் பிடிச்சது அஞ்சு, பிடிக்காதது அஞ்சு எழுதிட்டு வரச் சொன்னாங்க டீச்சர்.

பிடிச்சது மூணோட நின்னுபோச்சு. பிடிக்காதது மளமளன்னு வந்துச்சு.

இன்னிக்குக் காலையில நோட்டை ஃப்ரிட்ஜ் மேல வெச்சுட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தா, ஏழாவது படிக்கிற என் மக, அதை என் மாமியாருக்குத் தமிழ்ல படிச்சுக் காட்டிக்கிட்டு இருக்கா.

"நடவு அன்னிக்கு நாப்பது பேருக்கு வடை சுடுறது அம்மாவுக்குப் பிடிக்காதாம், அப்பாயி."

நாளைக்கு எங்க வயல்ல நடவு.

அத்தை நிதானமா என்னைப் பார்த்தாங்க. "எனக்கும்தான் பிடிக்காது. நான் இங்கிலீஷ் படிக்கல, அதான் சொல்லல."

வாசல்ல வண்டி துடைச்சுக்கிட்டு இருந்த மகனைக் கூப்பிட்டாங்க. "நாளைக்கு வடையைக் கடையில சொல்லிடுப்பா."

அப்புறம் பேத்திகிட்ட, "மீதியை ஸ்கூல் விட்டு வந்து படி."

அஞ்சாவது அத்தையைப் பத்தினது. நோட்டு இப்போ அரிசி டின்னுக்குள்ள இருக்கு. இதைவிட நல்ல இடம் இருந்தா நாலு மணிக்குள்ள சொல்லுங்க.