பாதி மந்திரம் தெரிந்த மாப்பிள்ளை

என் கல்யாணத்துக்கு நான்தான் மேனேஜர். அந்தப் பொறுப்பை யாரும் என்னிடம் கொடுக்கவில்லை. நானாக எடுத்துக்கொண்டேன். போடியில் எங்களுக்கு ஏலக்காய்க் கடை இருந்தது. மலையிலிருந்து மூட்டை வந்து இறங்கியதும் ஒரு கை அள்ளி முகர்ந்துவிட்டு, இது இன்ன எஸ்டேட்டுக் காய் என்று சொல்வேன். பாதி நேரம் தப்பாகத்தான் இருக்கும். ஆனால் சொல்லுகிற தோரணையைப் பார்த்து எதிரில் இருப்பவர்கள் தலையாட்டிவிடுவார்கள். அந்தத் தலையாட்டல்களை நம்பியே, உலகத்தில் எதையும் என்னால் திட்டம் போட்டு நடத்திவிட முடியும் என்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

முதல் வேலை தேதி குறிப்பது. சிலமலையில் எனக்கு ஒரு சிநேகிதன் உண்டு, விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. போடிக்கு வந்தால் எங்கள் கடைப் பலகையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத்தான் மறு காரியம் பார்ப்பான். நான் காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு அவன் கேட்டான்.

"உங்க ஆளுகதான் நாளு நட்சத்திரம் பாக்கறதில்லையே மாப்ளே. அப்புறம் எதுக்கு இம்புட்டு மண்டையப் போட்டு உடைக்கிற?"

நான் அவனுக்கு விளக்கினேன். ஆவணியில் காய் எடுப்பு தொடங்கினால் மலையில் யாருக்கும் கல்யாணம் காட்சி என்று நினைக்கவே நேரம் இருக்காது. அது ஓயும்போது கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்கள் வந்துவிடும். அது ஆகமன காலம், கோவிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். அப்புறம் சாம்பல் புதன் வந்துவிட்டால் தவக்காலம், ஈஸ்டர் முடிகிறவரை கல்யாணப் பேச்சே கிடையாது. நடுவில் பொங்கலை ஒட்டிக் கொஞ்சம் இடம் இருக்கிறது. அதற்குள் நுழைந்து வெளியே வந்துவிட வேண்டும்.

அவன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான். "நாங்க ஆடியும் மார்கழியும்தான் விடுவோம். நீங்க வருசத்துல பாதிய அடைச்சுப் பூட்டிட்டு, நல்ல நேரம் பாக்கறதில்லைன்னு எங்களுக்கே சொல்றீங்க" என்றான். நான் இன்னொரு டீ சொன்னேன்.

அந்த வருசம் சாம்பல் புதன் சீக்கிரமாகவே வந்தது. அதற்கு முந்தின திங்கட்கிழமையைக் கல்யாணத்துக்குக் குறித்தேன். அங்கிருந்து பின்னால் எண்ணிப் பார்த்தால் மூன்று ஞாயிறுகள் மட்டுமே மிஞ்சின. எங்கள் கோவிலில் ஓலை வாசிப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம் நடக்கப்போகிறது, இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று மூன்று ஞாயிறு பூசையில் பங்குச் சாமியார் வாசிப்பார். மூன்று ஓலையும் முடிந்தால்தான் தாலி. எனக்குச் சரியாக மூன்று ஞாயிறு கிடைத்ததில் பெருமை தாங்கவில்லை. இம்மி பிசகாமல் கணக்குப் போட்டிருக்கிறேன் பார் என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பெண் வீட்டாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுடைய அப்பா போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. அங்கே கோவில் கிடையாது. பெரிய திருநாள்களுக்கும் நல்லது கெட்டதுக்கும் ஜீப்பில் இறங்கி எங்கள் கோவிலுக்குத்தான் வருவார்கள். மற்ற ஞாயிறுகளில் காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் கூடி ஜெபமாலை சொல்வார்கள். அங்கே முன்னால் சொல்லுகிறவள் அவள்தான்.

அவளுக்கு ஏற்கெனவே இரண்டு தடவை நிச்சயமாகி நின்றுபோயிருந்தது. முதல் தடவை ஒரே ஓர் ஓலை வாசித்த வாரத்தில் மாப்பிள்ளையின் அப்பா இறந்துபோனார். பெண்ணின் ராசி என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாவதாக வந்தவர்கள் இரண்டாவது ஓலை வரைக்கும் வந்தார்கள். அதற்குள் முதல் கதை அவர்கள் காதில் விழுந்துவிட்டது. ராசி, நட்சத்திரம் எல்லாம் அஞ்ஞானம் என்று ஞானோபதேசத்தில் படித்தவர்கள்தான் எல்லாரும். இதெல்லாம் எங்கள் கோவிலில் எல்லார் முன்னாலும் நடந்தது. மூன்றாவது ஓலையை அவள் கேட்டதே இல்லை.

இதைத் தெரிந்தும் நான் சம்மதித்தேன். அதனால் என்னை ஒரு பெரிய மனசுக்காரன் என்று நானே நினைத்துக்கொண்டேன். பெண் பார்க்கப் போனபோதுகூட, காபியை வாங்கிக் குடிக்கையில் முகத்தில் கொஞ்சம் கருணை தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டேன் என்று நினைக்கிறேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அன்றே கல்யாணம் நின்றிருக்கும்.

அப்புறம் ஏற்பாடுகள். மதுரையிலிருந்து பேண்டு வாத்தியம். போடி வெயிலில் யாரும் போடாத கம்பளிக் கோட்டு ஒன்று, தையல்காரர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச்சொல்லத் தைத்தது. கோவில் வாசலில் பூ வளைவு. அந்த வளைவை எங்கே நிறுத்துவது என்று கேட்கச் சாமியார் பங்களாவுக்கு நானே போனேன். போனவன் அதோடு திரும்பியிருக்கலாம். மதியச் சாப்பாடு ஆறிவிடக் கூடாது பாருங்கள், அன்றைக்குப் பிரசங்கம் கொஞ்சம் சுருக்கமாக இருந்தால் நல்லது என்றும் சொல்லிவைத்தேன். சாமியார் தாடியைத் தடவியபடி, "ஆகட்டும்" என்றார். வயதானவர், கண்டிப்புக்குப் பேர்போனவர். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாரே என்று எனக்கே ஆச்சரியம்.

இத்தனை திட்டத்திலும் ஒன்றை நான் பொருட்படுத்தவே இல்லை. முதல் ஓலைக்கு முந்தின நாள் பெண்ணும் மாப்பிள்ளையும் சாமியார் முன்னால் நின்று மந்திரம் ஒப்பிக்க வேண்டும். பரலோக மந்திரம், மங்கள வார்த்தை மந்திரம், விசுவாச மந்திரம். இவை தெரியாதவர்களுக்கு ஓலை கிடையாது. அம்மா இரண்டு மூன்று தடவை ஞாபகப்படுத்தினாள். "ஒரு வாட்டி சொல்லிப் பாத்துக்கடா" என்றாள். பிறந்ததிலிருந்து தினமும் ராத்திரி சொல்கிற மந்திரத்தை எனக்கென்ன சொல்லிப் பார்ப்பது என்று நான் பேண்டுக்காரருக்குத் தந்தி கொடுக்கப் போய்விட்டேன்.

சனிக்கிழமை அவளும் அவள் அப்பாவும் ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே ஜீப்பில் வந்து இறங்கினார்கள். சாமியார் பங்களாவில் மேசைக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருவரும் நின்றோம். அவள் அப்பாவும் என் அம்மாவும் சுவர் ஓரம் நின்றார்கள். சாமியார் என்னைப் பார்த்து, "பரலோக மந்திரம் சொல்லு" என்றார்.

வாயைத் திறந்தேன். எங்கள் அனுதின அப்பத்தை என்று தொடங்கிக் கடகடவென்று முடித்து ஆமென் போட்டேன்.

"அதுக்கு முன்னாடி பரலோகத்துல ஒருத்தர் இருக்காரே. அவர விட்டுட்டியேப்பா" என்றார் சாமியார்.

திரும்பவும் முயன்றேன். திரும்பவும் அப்பம்தான் வந்தது. அப்போதுதான் எனக்கு என் நிலைமை விளங்கியது. எங்கள் வீட்டு ஜெபத்தில் முதல் பாதியை அம்மா சொல்லுவாள், ஆண்கள் நாங்கள் இரண்டாம் பாதியைச் சொல்லுவோம். கோவிலிலும் அப்படித்தான், முன்னால் உபதேசியார், பின்னால் நாங்கள். இத்தனை வருசமும் நான் பதில் மட்டும் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன். முதல் பாதி காதுக்குள் போயிருக்கிறதே தவிர ஒரு நாளும் வாய்க்கு வந்ததில்லை.

மங்கள வார்த்தையில் மாதாவை வாழ்த்தாமலே நேராக வேண்டுதலுக்குப் போனேன். விசுவாச மந்திரத்தில் பிதாவையும் சுதனையும் தாண்டிப் பரிசுத்த ஆவியில் போய் இறங்கினேன். அம்மா சுவரோரத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"என் பிரசங்கம் சுருக்கமா இருக்கணும்னு கேட்ட. உன் மந்திரம் அதவிடச் சுருக்கமா இருக்கு" என்றார் சாமியார். சிரிக்காமல் சொன்னார். "நாளைக்கு ஓலை வாசிக்க முடியாது. நல்லாப் படிச்சிட்டு அடுத்த சனிக்கிழமை வா."

"சாமி, அடுத்த வாரம்னா மூணு ஞாயிறு வராது. சாம்பல் புதன் வந்துரும்."

"வரட்டும். ஈஸ்டர் கழிச்சு வச்சுக்க. என்ன குடிமுழுகிப் போச்சு?"

அந்த நேரத்தில் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது பேண்டு வாத்தியம். அடுத்தது கோட்டு. சித்திரை வெயிலில் அந்தக் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு எப்படி நிற்பது என்றுதான் யோசித்தேன். பக்கத்தில் நின்றவளைப் பற்றி நினைக்கவே இல்லை.

அவள் அப்பா ஓரடி முன்னால் வந்தார். "சாமி" என்றார். துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவள்தான் பேசினாள். நான் அவள் குரலைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஈஸ்டருக்குன்னா நடக்காது சாமி."

"ஏன் நடக்காது?"

"இதுவும் முறிஞ்சு போச்சுன்னு மலை பூராப் பேசிருவாங்க. அந்தப் பேச்சு இவுக வீடு வரைக்கும் வரும். ரெண்டு தடவை இந்தக் கோவில்ல எம் பேர வாசிச்சு நிப்பாட்டியாச்சு. மூணாந்தடவை எங்கப்பா தாங்க மாட்டாரு. என்னாலயும் ஆகாது."

நிமிர்ந்து நின்று, ஒரு சொல்கூடத் தடுமாறாமல் சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை நாள் நான் திட்டம் போட்டது என் கல்யாணத்துக்கு. இவளுக்கும் அதே நாளில்தான் கல்யாணம் என்பது அப்போதுதான் என் புத்தியில் ஏறியது.

சாமியார் அவள் பக்கம் திரும்பி, "அதுக்காக மந்திரம் தெரியாதவனுக்கு நான் எப்படிம்மா ஓலை வாசிக்கிறது?" என்று கேட்டார். கண்டிப்பு இருந்தது, ஆனால் குரல் தணிந்திருந்தது.

"தெரியும் சாமி. முன்னால சொல்ல ஆளில்லாமத்தான் நிக்கிறாரு" என்றாள்.

சொல்லிவிட்டுக் கைகளைக் குவித்துப் பரலோக மந்திரத்தைத் தொடங்கினாள். ஸ்டோருக்குள் நூறு பேருக்குக் கேட்கும்படி சொல்லிப் பழகிய குரல். சரியாகப் பாதியில் நிறுத்தினாள். நான் யோசிக்கவே இல்லை, என் வாய் தானாக இரண்டாம் பாதியை எடுத்துக்கொண்டது. மங்கள வார்த்தையைத் தொடங்கி நிறுத்தினாள். நான் முடித்தேன். விசுவாச மந்திரத்தையும் அப்படியே ஆமென் வரைக்கும் கொண்டுபோனோம். ஒரு சொல் தவறவில்லை.

சாமியார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "தாலி கட்டுறதுக்குள்ள முதல் பாதியும் வந்தாகணும். இல்லேன்னா பூசைக்கு நடுவுல நிப்பாட்டுவேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, உள்ளே திரும்பி உபதேசியாரைக் கூப்பிட்டு ஓலை எழுதச் சொன்னார்.

வெளியே வந்ததும் அவள் அப்பா வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். என் அம்மா பதறிப்போய் என்ன என்று கேட்க, "சாரமில்ல, சாரமில்ல" என்று, பரவாயில்லை என்பதைத் தோட்டத்தில் பழகிய மலையாளத்தில் சொல்லிக்கொண்டே அழுதார். அவள் அவர் தோளைத் தொட்டு, "வெரசா எந்திரிங்கப்பா, ஜீப்பு போயிரும்" என்றாள். என் பக்கம் திரும்பவில்லை. கருணை காட்டுகிற முகம் ஒன்று என்னிடம் இருந்ததே, அதை அன்றைக்கு எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் ஞாயிறு பூசைக்கு நேரத்தோடு போய் ஆண்கள் பக்கத்தில் முன் வரிசையில் உட்கார்ந்தேன். என் பெயரைக் கோவிலில் வாசித்துக் கேட்க எனக்கு அவ்வளவு ஆசை. வாசித்ததும் யார் யார் என்னைப் பார்க்கிறார்கள் என்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரண்டாவது ஞாயிறும் அதே கூத்து. கடையில் மூட்டை இறங்கும் நேரத்தில்கூட முதல் பாதியை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். "சோலியப் பாக்காம என்னத்த மாப்ளே வாய்க்குள்ளயே பேசுற" என்று சிலமலைக்காரன் கேலி செய்தான். அந்த இரண்டு ஞாயிறும் அவள் மலையிலிருந்து இறங்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு வந்திருந்தாள். பெண்கள் பக்கத்தில் தூண் ஓரமாக, முக்காட்டோடு முழந்தாளில் நின்றாள். சாமியார் ஓலையை எடுத்ததும் கோவிலில் எல்லாரும் ஒருமிக்க அவள் பக்கம் பார்த்தார்கள். முன்பு ஒரு தடவை முதல் ஓலையோடும் இன்னொரு தடவை இரண்டாவது ஓலையோடும் அவள் கல்யாணம் நின்றுபோனது தெரிந்த கூட்டம் அது. அவள் பலிபீடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று சாமியார் வாசித்து முடித்தபோது அவள் தோள்கள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது. முக்காட்டை முகத்துக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

என் பெயரைக் கேட்கத்தான் அன்றும் முன் வரிசையில் போய் உட்கார்ந்திருந்தேன். அதை எப்போது வாசித்தார்கள் என்றே எனக்குத் தெரியாது. வாசித்து முடித்த பிறகு கோவிலில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை, ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. அந்த அமைதியை மட்டும்தான் நானும் அவளோடு சேர்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.