தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையின் பெயர்

தவிட்டம்மாள் என்ற பெயர் எந்தப் பெண்ணுக்குத்தான் பிடிக்கும்? பேரையூர்ப் பள்ளிக்கூடத்தில் அவளைக் கண்டாலே பையன்கள் மாடு மாதிரி கத்துவார்கள். ஆனாலும் அவள் அந்தப் பெயரை ஒரு நாளும் பழித்ததில்லை. அவளுக்கு முன்னால் பிறந்ததெல்லாம் தங்கவில்லை. அதனால் இவளை நெல் புடைக்கிற சுளகில் கிடத்திக் குப்பைமேட்டில் வைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி எடுத்துப் பெயர் வைத்தாள். கொஞ்சம் தவிட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றவளே திரும்ப வாங்கிக்கொண்டாள். யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமன் ஏறெடுத்தும் பார்க்க மாட்டானாம். பார்க்கவும் இல்லை, கல்லுக்குண்டு மாதிரி வளர்ந்தாள்.

கல்யாணமாகி விளாங்குடிக்கு வந்தாள். புருஷன் முத்துக்குமரனுக்குக் காளவாசல் டயர்க்கடையில் வேலை. ஊரில் எவருக்கும் இல்லாத பெயரைத் தன் பிள்ளைக்கு வைக்க வேண்டும் என்று மனுஷனுக்கு அப்படியொரு ஆசை. மூத்தவளுக்கு நித்திலா. "நித்திலம்னா முத்து. முத்துக்குமரன் மக முத்து!" என்று தெருவெல்லாம் சொல்லி மாய்ந்தான். தவழ்வதற்குள் மஞ்சள் காமாலை கொண்டுபோனது. இரண்டாவது சுடர்விழி. அந்தக் கண்ணும் ஒரு பேதியில் மூடிவிட்டது. தவிட்டம்மாளுக்குச் சந்தேகமே இல்லை. அழகழகாய்ப் பெயரைக் கூவி எமனுக்கு வழி காட்டியது இந்த மனுஷன்தான்.

தொண்ணூற்றொன்பதில் மூன்றாவதும் பெண். பெயரா, மூச்! முத்துக்குமரன் வாயையே திறக்கவில்லை. தவிட்டம்மாள் பக்கத்து வீட்டுச் சாரதாம்பாளிடம் போய் நின்றாள். சௌராஷ்டிரத் தறிக்காரர் வீடு. இவளைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள், பிள்ளை குட்டி கிடையாது.

"அக்கா, நீங்க எடுத்து, குப்பாயின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அம்புட்டுத்தான். தவிட்டைக் குடுத்து நான் வாங்கிக்கிறேன்."

"அதுக்கென்னடி, சொல்லிட்டாப் போச்சு" என்றாள் சாரதாம்பாள்.

தெருக்கோடிக் குப்பைமேட்டில் சுளகோடு பிள்ளையை வைத்துவிட்டுத் தவிட்டம்மாள் திரும்பி நின்றாள். சாரதாம்பாள் எடுத்தாள். முகத்தைப் பார்த்தாள். பார்த்தவள் என்ன நினைத்தாளோ, "அபரஞ்சி!" என்றாள். "புடம் போட்ட தங்கம்டி இது."

தவிட்டம்மாள் வெடுக்கென்று திரும்பினாள். எடுத்தவள் வாயில் வந்ததுதான் பெயர், அதை மாற்றினால் வாங்கினது செல்லாது. முத்துக்கே வந்த எமன் தங்கத்தை விடுவானா?

"எம்புள்ளையக் காட்டிக் குடுத்துட்டீகளே!" என்று தவிட்டை அங்கேயே கொட்டிவிட்டுப் பிள்ளையோடு ஓடினாள்.

அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. பிள்ளையை "ஏய்", "இந்தா" என்றுதான் கூப்பிட்டாள். முத்துக்குமரனையும் பெயர் சொல்ல விடவில்லை. பிள்ளை தும்மினால் கை வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவாள். அது அயர்ந்து தூங்கினால் மூக்கில் விரலை வைத்துப் பார்ப்பாள். இப்படியும் ஒருத்தி பயப்படுவாளா என்று கேட்கிறவர்கள், இரண்டைப் புதைத்துவிட்டு வந்து கேட்கட்டும்.

வருஷம் திரும்புவதற்குள் காய்ச்சல் வந்தது. ஒரு மத்தியானம் பிள்ளைக்குக் கண் செருகி, கைகால் வெட்டி இழுத்தது. முத்துக்குமரன் கடையில் இருந்தான். இவள் போட்ட கூச்சலுக்கு முதலில் ஓடி வந்தவள் சாரதாம்பாள்தான். ஆட்டோவில் ஏறியதும் தவிட்டம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

"அக்கா, அந்தப் பேரைத் திருப்பி வாங்கிக்கங்கக்கா!"

சாரதாம்பாள் முந்தானையால் பிள்ளையின் வாயைத் துடைத்தாள். "எனக்கும் ஒண்ணு பொறந்துச்சுடி. இந்தத் தெருவுக்கு வர்றதுக்கு முன்னாடி. கண்ணு பட்டுடும்னு அழுக்குப் பேராத்தான் வச்சாங்க. இருந்துச்சா? போனப்ப அந்தப் பேரைச் சொல்லி அழக்கூட வாய் வரல. உம் புள்ளை மூஞ்சியப் பாத்துட்டுக் குப்பாயின்னு எப்படிடி சொல்லுவேன்?"

தவிட்டம்மாள் பிடித்த கையை விடவில்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டதும் இழுப்பு நின்றது. பிள்ளை மட்டும் கண் திறக்கவில்லை. நர்ஸ் கன்னத்தைத் தட்டிப் பார்த்தாள்.

"பேர் சொல்லிக் கூப்பிடும்மா. உன் குரலுக்கு முழிக்குதான்னு பாப்போம்."

கூப்பிட்டால் எமனுக்கும் கேட்கும். கூப்பிடாவிட்டால் இது முழிக்காது. தவிட்டம்மாள் பிள்ளையின் காதருகே குனிந்து முணுமுணுத்தாள்.

"எனக்கே கேக்கலம்மா. சத்தமா!"

"அபரஞ்சி!" என்று அலறினாள். "ஏ அபரஞ்சி! அம்மாட்ட வந்துருடி, என் தங்கம்!"

வார்டே திரும்பிப் பார்த்தது. அவள் நிறுத்தவில்லை. தொண்டை கட்டுகிற வரைக்கும் கூப்பிட்டாள். பிள்ளையின் இமை துடித்தது. உதடு பிதுங்கியது. பிறகு வீலென்று அழுகை.

அதோடு பயம் விட்டதா? எங்கே விட்டது! ஐந்து வயதில் அபரஞ்சியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டுத் தவிட்டம்மாள் தினமும் ஜன்னலுக்கு வெளியே சுவரோரமாக நிற்பாள். டீச்சர் வரிசையாகப் பெயர் கூப்பிட்டுக்கொண்டே வருவார். "அபரஞ்சி" என்றதும் இவள் காதை ஜன்னலோடு ஒட்டிக்கொள்வாள்.

"உள்ளேன் டீச்சர்!"

அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் வீட்டைப் பார்த்து நடப்பாள்.