ரோகிணிக்கு ஓர் அர்ச்சனை

பிறக்காத பிள்ளையைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் செங்கமலத்துக்குப் பிடிக்காது. ஆலங்குடியில் யார் வீட்டு மருமகளுக்குத் தொட்டில் வாங்கினாலும், "மொதல்ல பொறக்கட்டும்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். தலைப்பிள்ளைக்குச் சட்டை தைத்து, ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்து, வயிற்றிலேயே ஏழாம் மாதத்தில் பறிகொடுத்தவள் அவள். அந்தச் சட்டை இன்னும் பீரோவில்தான் இருக்கிறது.

அடுத்துப் பிறந்த இலக்கியா பெங்களூரில் நட்சத்திரங்கள் உருவாவதை ஆராய்கிறாள். முந்திரி சீசனுக்கு லீவில் வந்தவள், லேப்டாப்பில் ஒரு படத்தைக் காட்டினாள். நடுவில் வெளிச்சம், சுற்றிலும் தட்டு, தட்டில் இருட்டாக ஒரு வளையம்.

"குளுந்து கெடக்குற வாயுவும் தூசியும் சேந்த மேகம்மா. தன்னோட ஈர்ப்பாலேயே உள்ள சரியுது. நடுவுல நட்சத்திரம் உண்டாகுது. மிச்சம் சுத்திச் சுத்தித் தட்டையாயிருது. அந்தத் தூசி ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒரு கோள் வளந்தா, அது போற வழி இப்படிக் காலியாயிரும்."

"தோசைக்கல்லுல மாவு படாத எடம் மாதிரி இருக்கு. அப்ப உள்ள புள்ள இருக்குன்னு சொல்லு."

"நெனக்கிறேன். இன்னொரு தொலைநோக்கியிலயும் பாக்குறாங்க. அங்கயும் வளையம் தெரிஞ்சாத்தான் நெசம். இல்லன்னா என் அஞ்சு வருச வேலை போச்சு."

செங்கமலம் சட்டென்று லேப்டாப்பை மூடினாள். "ஒருத்தருகிட்டயும் மூச்சு விடாத" என்றாள்.

மகள் வாய்க்குப் பூட்டுப் போட்டவளுக்கு மனசு கேட்கவில்லை. மறுநாளே பஸ் ஏறித் திருவரங்குளம் கோயிலில் போய் நின்றாள். குருக்கள் வழக்கம்போலப் பேரும் நட்சத்திரமும் கேட்டார்.

"பேரு இன்னும் வைக்கலைங்க. ரோகிணி நட்சத்திரம்." அந்த மேகம் ரோகிணிக்குப் பக்கத்தில்தான் தெரிகிறது என்று மகள் சொல்லியிருந்தாள்.

"பேத்தியாம்மா?"

"அப்படித்தான் வச்சுக்கங்களேன்."

அடுத்த வாரம் அவள் வாசலில் முந்திரிக்கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தபோது இலக்கியா ஓடி வந்தாள். "அம்மா, வளையம் இருக்கு! அதே எடத்துல!"

செங்கமலம் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகை அடங்கியதும் பழைய கறார் வந்துவிட்டது. "நல்லபடியாப் பொறந்து முடியட்டும். அப்பறம் ஊருக்குச் சொல்லு."

"அது முழுசா வளர இன்னும் எத்தனையோ லட்சம் வருசம் ஆகும்மா. அதைப் பாக்க நாம இருக்க மாட்டோம்."

செங்கமலம் முறத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். கண்ணால் பார்க்கக் கிடைக்காத பிள்ளையைப் பற்றி அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"அப்ப இருக்குறப்பவே சந்தோசப்பட்டுக்க வேண்டியதுதான். சொல்லிரு ஆத்தா."

மகள் போனை எடுப்பதற்குள் அவளே வேலியோரம் போய், பக்கத்து வீட்டு மீனம்மாளைக் கூப்பிட்டாள்.

"இங்கிட்டு வா மீனம்மா. ரோகிணியில எங்களுக்கு ஒரு புள்ள வளருது!"