தலைகீழாக நின்ற பால்மரம்

அந்த வருஷம் ஜொகூர் பாருவில் கடலைப் பார்த்திருந்த கண்காட்சிக் கூடத்தில் நான் எடுபிடி வேலை பார்த்தேன். மூன்று மாதத்துக்கு ஒரு கண்காட்சி. முதலில் பழைய கிரிஸ் கத்திகளும் பட்டுத் துணிகளும். அடுத்தது அன்னாசி, மிளகு. நான் பெட்டி தூக்கினேன், ஆணி அடித்தேன், தூசி தட்டினேன். மூன்றாவது ரப்பர் என்றார்கள். அந்தப் பெயரே எனக்கு ஆகாது.

காரணம் இதுதான். அதற்குமுன் சிகாமட் பக்கம் ஒரு தோட்டத்தில் ஒன்பது வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டினேன். ஒருமுறை காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தேன். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் மச்சான் என் நிரையில், எனக்கு ஒதுக்கிய மர வரிசையில், வெட்டினான். வெட்டத் தெரியாதவன். உளியைப் பட்டையைத் தாண்டி உள்கட்டை வரைக்கும் இறக்கி இருபது மரத்துக்கு மேல் காயம் போட்டுவிட்டான். கிராணி பழியை என்மேல் போட்டான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லார் முன்னாலும் நிறுத்தி, "காயக்காரன்" என்று சொல்லி வெளியே அனுப்பினான். உண்மை தெரிந்த நாற்பது பேர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பால் வெட்டுகிறவனுக்கு அதைவிடக் கேவலமான பெயர் கிடையாது.

அந்தக் கிராணியே லாரியில் வந்து இறங்கினான், தோட்டத்தின் சார்பில் காட்சிக்கு வைக்க ஒரு மரத்துண்டோடு. என்னைப் பார்த்ததும் சிரித்தான்.

"என்னடா காயக்காரா, இங்க தூசி தட்டுறியா? மெதுவா தூக்கு. இதையும் காயம் பண்ணிடாத."

சாக்கைப் பிரித்தேன். என் கை நின்றுவிட்டது. வெட்டுக்குப் பக்கத்தில் முஷ்டி அளவு ஒரு முண்டு. ஒன்பது வருஷம் என் முழங்காலுக்கு முட்டுக்கொடுத்த முண்டு அது. மரம் பட்டுப்போனதால் அறுத்திருந்தார்கள். காயமே இல்லாத பட்டை வேண்டுமென்று தேடிப் போய், என் கை வெட்டிய மரத்தையே எடுத்து வந்திருக்கிறான். கூட ஓர் அட்டை: கிராணியாரின் நேரடிப் பயிற்சியில் வெட்டப்பட்டது.

துண்டு இரு முனையிலும் ஒரே பருமன். அவன் உளியைத் தொட்டதே இல்லை. எது மேல், எது கீழ் என்று தெரியாமல் தலைகீழாக நிறுத்தச் சொன்னான். பால் வழியும் தகரத்தையும் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தையும் அவனே மாட்டினான். எனக்குத் தெரியும். திருத்தாமல், நன்றாக நிற்கும்படி ஆப்பு வைத்து இறுக்கிக் கொடுத்தேன்.

திறப்பு நாளில் தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை வந்தார். தோட்டத்து ஆட்களையும் கூட்டி வந்திருந்தார்கள். என் பக்கத்து நிரையில் வெட்டிய அக்கா மரத்தைச் சுற்றி வந்து வாயைப் பொத்தினாள்.

"ஐயா, இந்த மரத்துக்கு வேரு ஆகாசத்துலயா இருக்கு?"

"என்ன உளர்ற?" என்றான் கிராணி.

"வெட்டுன பட்டை கோட்டுக்கு மேலதானே இருக்கணும், கீழ கெடக்கே! பால் எங்க நிக்கும்? மங்குலயா விழும்? உங்க தலையிலதான் விழும்!"

நாற்பது பேரும் சிரித்தார்கள். துரை கிட்டே வந்து பார்த்தார். அவர் முகம் சிவந்தது. "யார் நிறுத்தியது?" என்று உடைந்த தமிழில் கேட்டார். கிராணி என்னைக் கை காட்டினான்.

அக்கா விடவில்லை. "அவரா? துரை, இது அவரு வெட்டுன மரம். முண்டு இருக்கு பாருங்க. அவருக்குத் தெரியாதா எது மேலன்னு? அன்னிக்குக் காயம் போட்டது இந்தக் கிராணியாரு மச்சான்."

பெரட்டில் என்னை நிறுத்திய அன்றே அவள் இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளையும் நான் மன்னிக்கவில்லை.

துரை அட்டையைக் கிழித்தார். மரத்தைத் திருப்பச் சொன்னார். ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையைக் கிராணி. "மெதுவா தூக்குங்க ஐயா. காயம் பண்ணிடாதீங்க," என்றேன். அவன் நெற்றி வேர்வை பட்டையில் சொட்டியது.

தோட்டத்துக்குத் திரும்பி வரச் சொன்னார் துரை. வரமாட்டேன் என்றேன். அந்த மூன்று மாதமும் கூடத்துக்கு வந்த ஒருவர் விடாமல் நிறுத்தி, எந்தக் கிராணி, எப்படித் தலைகீழாக நிறுத்தினான் என்று சொன்னேன். நான்காவது கண்காட்சி சீனத்து ஜாடிகள். ஜாடி பார்க்க வந்தவர்களிடமும் சொன்னேன்.