நான் கையை விட்ட ஆட்டம்

ஹனூரிலிருந்து மைசூருக்குக் குடிவந்தபோது எனக்குப் பத்து வயது. வீட்டில் தமிழ். ஊரில் நாங்கள் பேசிய கன்னடத்தில் ‘ஹ’ என்ற ஓசையே வராது. பாலை ‘ஹாலு’ என்று சொல்ல வேண்டும்; நான் ‘ஆலு’ என்பேன். பள்ளி வேனில் கூட வந்த எதிர்வீட்டுப் பெண் இதைக் கண்டுபிடித்துவிட்டாள். தினமும் வேன் கிளம்பியதும், “எங்கே, பால் கேளு பார்ப்போம்” என்பாள் கன்னடத்தில். நான் வாய் திறக்காவிட்டால் என் குரலில் அவளே சொல்லிக் காட்டுவாள். வேனே சிரிக்கும். டிரைவரும் சிரிப்பார். இவளை என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டேதான் பள்ளிக்கூடம் போய்ச் சேர்வேன்.

அவளுடைய பிறந்தநாளுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். நியூஸ்பேப்பர் டான்ஸ் வைத்தார்கள். இரண்டு பேருக்கு ஒரு பேப்பர். பாட்டு நின்றதும் இருவரும் தரையில் கால் படாமல் அதன்மேல் நிற்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் பேப்பரைப் பாதியாக மடிப்பார்கள். நான் உயரம் என்பதால் அவளுடைய அம்மா அவளை என்னோடு ஜோடி சேர்த்தார்.

கடைசியில் இரண்டே ஜோடி மிஞ்சியது. பேப்பரில் ஒருத்தி நிற்கத்தான் இடம். நான் அவளைத் தூக்கிக்கொண்டேன். புது கவுன் கசங்க என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “பிடபேட கணே” என்று, விட்டுவிடாதேடி என்று, காதில் கெஞ்சினாள். எதிர் ஜோடி தள்ளாடியது. இன்னும் ஒரு நொடி நின்றிருந்தால் பரிசு எங்களுக்குத்தான்.

இரண்டு கையையும் விட்டேன்.

மொசைக் தரையில் முழங்கை அடிபட விழுந்து அலறினாள். “கை வழுக்கிடுச்சு ஆன்ட்டி” என்றேன். எல்லோரும் நம்பினார்கள். சிரிப்பு வந்துவிடுமோ என்று தலையைக் குனிந்துகொண்டேன். கேக்கை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன்.

மறுநாள் அவளுக்குக் கையில் கட்டு. “ஏங்கண்ணு, கெட்டியாப் புடிச்சிருக்கக் கூடாதா? போய்ப் பாத்துட்டு வா” என்று அம்மா அனுப்பினாள். போனபோது அவள் சோபாவில் சாய்ந்திருந்தாள்.

“வலிக்குதா?”

“நீ வேணும்னே விட்டே.”

அவளுடைய அம்மா சமையலறையில் இருந்தார். குனிந்து அவளுக்கு மட்டும் கேட்கும்படி, “ஆமா” என்றேன். ஏனோ அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் அவளை அவள் அப்பா ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். கட்டுப் போட்ட கையோடு ஏற முடியாமல் அவள் திணறுவாள். அதைப் பார்ப்பதற்காகவே தினமும் சீக்கிரம் கிளம்பி வாசலில் வந்து நிற்பேன்.